இறக்கி வைக்காத கல்

1912 பிப்ரவரி 8. தென்துருவத்தில் தோற்றுத் திரும்பிக்கொண்டிருந்த ஐந்து பேர், அண்டார்டிகாவின் பக்லி மலையடியில் சறுக்குவண்டியை நிறுத்திவிட்டுக் கல் பொறுக்கத் தொடங்கினார்கள். ஒருவருக்குக் கைக்காயம் ஆறவில்லை, மூக்கு உறைபனியில் வெந்திருந்தது. இன்னொருவரின் கால்விரல்கள் கறுத்துக்கொண்டிருந்தன. ரொட்டியும் மண்ணெண்ணெயும் நாள் கணக்கில் அளந்து வைக்கப்பட்டவை. கடற்கரையிலிருந்த தங்கள் குடிலுக்கு இன்னும் 700 கிலோமீட்டருக்கு மேல் வண்டியைத் தோளில் வார் மாட்டி இழுத்தாக வேண்டும். இந்த நிலையில் இருப்பவர்கள் வண்டியிலிருந்து எதைக் குறைக்கலாம் என்றுதான் பார்ப்பார்கள். இவர்கள் 16 கிலோ கூட்டினார்கள். நம் வீட்டுச் சமையல் காஸ் தீர்ந்தபின் சிலிண்டரைத் தூக்கிப் பாருங்கள், ஏறத்தாழ அந்த எடை.

அந்தக் கற்களின் பயணத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். துருவப் பயணம் என்றாலே யார் முந்தினார், யார் செத்தார் என்றுதான் பேசுகிறோம். 1911–12 பருவத்தில் அந்தத் தென்முனைப் பாதையிலிருந்து உலகத்துக்கு வந்துசேர்ந்தவற்றில் இந்த மூட்டைக்கு ஈடாக வேறொன்றும் இல்லை என்பது என் எண்ணம். அதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. நாட்டின் பெயரே அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் கல்லின் பிறப்பு. 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் அந்த இடத்தில் பனிப்பாளம் இல்லை, சதுப்புக் காடு இருந்தது. அப்போதும் அது துருவத்துக்கு அருகில்தான். கோடையில் சூரியன் மறையாது, குளிர்காலத்தில் மாதக்கணக்கில் எழாது. அந்த நீண்ட இருட்டு வருமுன் மரங்கள் இலைகளை மொத்தமாகக் கொட்டிவிடும். நாக்கு வடிவ இலைகள். நடுவில் ஒரு தடித்த நரம்பு, அதிலிருந்து இருபுறமும் வலைபோல் பின்னிப் படரும் மெல்லிய நரம்புகள். கொட்டியவை சேற்றில் அடுக்கடுக்காகப் படிந்தன. மேலே மணலும் வண்டலும் அழுத்த, இலைக் குவியல் நிலக்கரியாயிற்று. நடுவே அகப்பட்ட சில இலைகள் நரம்பு கலையாமல் கல்லில் பதிந்து நின்றன. பிறகு கண்டம் நகர்ந்தது, மலை எழுந்தது, பனி மூடியது. பியர்ட்மோர் பனியாற்றின் தலைப்பில் பக்லி மலையின் செங்குத்துச் சரிவு மட்டும் பனிக்கு மேல் தலைநீட்டி நின்றது, கரிப்படுகைகள் கறுப்புக் கோடுகளாகத் தெரிய.

அந்தக் கோடுகளை முதலில் பார்த்தது, கல் பொறுக்கிய ஐவரின் தலைவரான ஆங்கிலேயர் ஸ்காட்டின் குழு இல்லை. 1908 டிசம்பரில் எர்னஸ்ட் ஷாக்கில்டனின் ஆட்கள் அதே வழியாகத் துருவத்தை நோக்கிப் போனார்கள். அவர்களில் ஃபிராங்க் வைல்ட் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, அங்கே நிலக்கரி இருக்கிறது என்று சொன்னார். ஷாக்கில்டனுக்கும் ஸ்காட்டுக்கும் ஏற்கெனவே புகைச்சல். 1901–04இல் ஸ்காட்டின் டிஸ்கவரி கப்பலில் போன ஷாக்கில்டன், நோயாளி என்று பாதியில் திருப்பி அனுப்பப்பட்டவர். பின்னர் தானே பயணம் கிளம்பியபோது, ஸ்காட்டின் பழைய தளமான மக்மர்டோ பக்கம் இறங்குவதில்லை என்று வாக்குக் கொடுத்தார். வேறிடத்தில் இறங்கப் பனி விடவில்லை, மக்மர்டோவிலேயே இறங்கினார். ஸ்காட் அதை மறக்கவில்லை. 1909 ஜனவரியில் துருவத்துக்கு 180 கிலோமீட்டர் இருக்கையில், மேலே போனால் உயிரோடு திரும்ப முடியாது என்று கணக்குப் போட்டு ஷாக்கில்டன் திரும்பிவிட்டார். அவர் கண்டுபிடித்து வைத்த பியர்ட்மோர் வழியைத்தான் ஸ்காட் அப்படியே பின்பற்றினார்.

ஸ்காட்டைத் துருவத் தலைவராகத் தேர்ந்தெடுத்தவர் கிளெமென்ட்ஸ் மார்க்கம். லண்டன் அரசப் புவியியல் சங்கத்தின் தலைவர். இந்தப் பெயரை நீலகிரிக்காரர்கள் வேறொரு வகையில் அறிந்திருப்பார்கள். பெருவிலிருந்து சின்கோனாக் கன்றுகளோடு 1860இல் ஊட்டிக்கு வந்தவர் இவர்தான். அவர் கையோடு கொண்டுவந்த கன்றுகள் பிழைக்கவில்லை. பிறகு வந்த விதையும் கன்றும்தான் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் கொயினாத் தோட்டங்களாயின. துருவ விஷயத்திலும் மார்க்கம் அவ்வளவு பிடிவாதக்காரர். நாய்களை விரட்டி வண்டி இழுக்கவைப்பதைவிட மனிதன் தானே இழுப்பதுதான் வீரம் என்று ஒரு தலைமுறை அதிகாரிகளை நம்பவைத்தார். அந்த நம்பிக்கைக்குக் கொடுத்த விலை பெரிது.

எதிர்ப்பக்கத்தில் நார்வேயின் ரொவால்ட் அமுண்ட்சன். வடதுருவம் போவதாகச் சொல்லி மூத்த துருவப் பயணி நான்சனிடம் ஃபிராம் கப்பலை இரவல் வாங்கியவர். 1909 செப்டம்பரில் குக், பியரி என்ற இரண்டு அமெரிக்கர்கள், வடதுருவத்தை நான்தான் பிடித்தேன் என்று ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சண்டை போட்டார்கள். அமுண்ட்சன் சத்தமில்லாமல் திசையை மாற்றினார். தெற்கே போகிறோம் என்பது மடெய்ரா தீவு வரும்வரை அவருடைய மாலுமிகளில் பெரும்பாலோருக்கே தெரியாது. ஸ்காட்டுக்குத் தந்தி கிடைத்தது 1910 அக்டோபரில், மெல்போர்னில். ஃபிராம் அண்டார்டிகாவுக்குப் போகிறது என்று ஒரே ஒரு வரி. அறிவியல் பயணம் என்று பணம் திரட்டிக் கிளம்பியவருக்கு அது பந்தயமாக மாறியது அந்த வரியில்தான்.

பந்தயத்தை இங்கே விரித்துச் சொல்ல வேண்டியதில்லை, ஏராளம் எழுதியாயிற்று. அமுண்ட்சன் 1911 அக்டோபரில் ஐந்து பேர், நான்கு வண்டி, 52 நாய்களோடு புறப்பட்டார். பாதி நாய்களைப் பாதையிலேயே கொன்று, மற்ற நாய்களுக்கும் மனிதர்களுக்கும் உணவாக்கினார். டிசம்பர் 14இல் துருவத்தை அடைந்தார். ஜனவரி 25இல் முகாமுக்குத் திரும்பியபோது 11 நாய்கள் மிச்சம், ஆள் சேதம் இல்லை. ஸ்காட் குழுவினர் குதிரைகளையும் நாய்களையும் வழியில் விட்டபின், கடைசிக் கட்டத்தைத் தாங்களே இழுத்து ஜனவரி 17இல் போய்ச் சேர்ந்தார்கள். மறுநாள் அமுண்ட்சன் விட்டுப்போன சிறு கூடாரம் அவர்கள் கண்ணில் பட்டது.

கூடாரத்துக்குள் ஸ்காட்டின் பெயருக்கு ஒரு குறிப்பும், நார்வே மன்னர் ஹாகோனுக்கு ஒரு கடிதமும் இருந்தன. தான் வழியில் இறந்துபோனால் கடிதத்தைச் சேர்ப்பித்துவிட வேண்டும் என்பது அமுண்ட்சனின் வேண்டுகோள். விவேகமான ஏற்பாடுதான். ஆனால் வாங்கிக்கொண்டவர் நிலையிலிருந்து பாருங்கள்: தன்னை வென்றவனின் வெற்றிச் சான்றைத் தானே தூக்கிக்கொண்டு 1,300 கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஸ்காட் அதைப் பத்திரமாக எடுத்துவந்தார். ஆக, மூன்று வாரம் கழித்து வண்டியில் கல் ஏறியபோது, எதிராளியின் கடிதமும் அவர்களோடு இருந்தது.

கல்லைத் தேர்ந்தெடுத்தவர் எட்வர்ட் வில்சன். தொழிலால் மருத்துவர், விருப்பத்தால் பறவையியலாளர், கை நல்ல ஓவியக் கை. ஸ்காட்டின் பயணத்தில் டெபனம், கிரிஃபித் டெய்லர், பிரீஸ்ட்லி என்று தேர்ந்த நிலவியலாளர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரும் துருவக் குழுவில் இல்லை. இயற்பியலாளரான சார்லஸ் ரைட்டும் டிசம்பர் கடைசியில் பனியாற்றின் உச்சியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டுவிட்டார். கல்லைப் படிக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் கீழே. மேலே இருந்தவர்களில் அந்தக் கண் வில்சனுக்கு ஓரளவு இருந்தது.

இன்னொருவர் ஹென்றி பவர்ஸ். இந்தியாவின் அரசக் கடற்படைப் பிரிவில் பர்மாவிலும் பாரசீக வளைகுடாவிலும் வேலை பார்த்தவர், மார்க்கம் சிபாரிசில் வந்தவர். குள்ளமான, முரட்டு உடம்புக்காரர். நான்கு பேருக்கென்று கட்டிய உணவுப் பொதிகளோடு ஐந்தாவது ஆளாக இவரைக் கடைசி நேரத்தில் ஸ்காட் சேர்த்துக்கொண்டார். அதற்குச் சில நாள் முன்புதான் இவர் தன் பனிச்சறுக்குக் கட்டைகளை வழியில் விட்டிருந்தார், மற்ற நால்வரும் சறுக்கிப் போக இவர் மட்டும் நடந்தே இழுத்தார். கல் பொறுக்கிய அன்று காலையும் பவர்ஸ்தான் தனியாக டார்வின் மலைப் பக்கம் போய்ச் சில கற்களைக் கொண்டுவந்தார். கறுத்த விரல்களுக்குச் சொந்தக்காரரான லாரன்ஸ் ஓட்ஸும் இந்தியாவிலிருந்து வந்தவர்தான். மத்திய இந்தியாவின் மௌ ராணுவ முகாமில் குதிரைப்படை அதிகாரியாக இருந்துகொண்டே விண்ணப்பித்தவர், பயணச் செலவுக்கு 1,000 பவுன் தன் கைப்பணமும் கொடுத்தவர். ஐந்தாமவர் கடற்படை மாலுமி எட்கர் எவான்ஸ்.

மதியம் காற்றுக்கு மறைவாக இருந்தது. ஏழு வாரமாக வெள்ளையைத் தவிர வேறொன்றையும் பார்க்காதவர்கள் பாறைமேல் கால் வைத்தார்கள். சாப்பிட்டுவிட்டு மீதிப் பொழுதைக் கல் தேடுவதில் கழித்தார்கள். கரித்துண்டு ஒன்றில் இலைகள் அடுக்கடுக்காக, நரம்பு முதற்கொண்டு தெளிவாகப் பதிந்திருந்ததை வில்சன் கண்டெடுத்ததை ஸ்காட் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். மறுநாளும் கொஞ்ச நேரம் அதே வேலை. பிறகு மூட்டை வண்டியில் ஏறியது.

இதற்குப் பிறகு கல்லின் பயணமும் மனிதர்களின் பயணமும் பிரிந்துபோகின்றன. மனிதர்கள் ஒவ்வொருவராகக் குறைய, கல் மட்டும் குறையாமல் வந்தது. பிப்ரவரி 17இல் பனியாற்றின் அடிவாரத்தில் எவான்ஸ் இறந்தார். அடுத்தடுத்த சேமிப்புக் கிடங்குகளைத் திறந்தபோது மண்ணெண்ணெய் டின்களில் எதிர்பார்த்த அளவு இல்லை. மூடியின் தோல் வளையம் குளிரில் சுருங்கி, ஆவியாகிக் கசிந்துவிட்டது. அடுப்பு எரியாவிட்டால் அங்கே சாப்பாடு மட்டும் இல்லை, குடிதண்ணீரும் இல்லை. பனியை உருக்கினால்தான் தண்ணீர். அமுண்ட்சன் தம் டின்களை ஈயம் வைத்து அடைத்திருந்தார். அவர் பெட்டி மலையில் விட்டுப்போன மண்ணெண்ணெயை 1929இல் அமெரிக்கக் குழு ஒன்று அங்கேயே கண்டெடுத்தது. ஒரு டின் மூடியில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள்.

மார்ச்சில் வெப்பநிலை மைனஸ் 40 வரை இறங்கியது. அந்தக் குளிரில் பனி மணலாகிவிடும், வண்டி வழுக்காது. அமெரிக்க வளிமண்டல அறிவியலாளர் சூசன் சாலமன், அந்த மார்ச்சின் குளிர் அந்த இடத்துக்கே வழக்கத்துக்கு மாறானது என்று வானிலைப் பதிவுகளை ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். மார்ச் 17 வாக்கில் ஓட்ஸ், மற்றவர்களுக்குப் பாரமாக இருக்க விரும்பாமல் கூடாரத்தை விட்டுப் புயலுக்குள் இறங்கிப் போய்விட்டார். மிஞ்சியவர்கள் மூவர்.

இப்போதுதான் அவர்கள் சுமையைக் குறைத்தார்கள். கோணமானி ஒன்று, கேமரா ஒன்று, ஓட்ஸின் தூக்கப் பை எல்லாவற்றையும் அங்கேயே போட்டார்கள். கற்களைப் போடவில்லை. வில்சன் கேட்டுக்கொண்டதால் வைத்துக்கொண்டோம் என்று ஸ்காட் எழுதினார். நாட்குறிப்புகளும் கற்களும் வண்டியில் தொடர்ந்தன. அடுத்த சில நாளில் ஒரு டன் உணவும் எரிபொருளும் குவித்துவைத்த கிடங்குக்கு 18 கிலோமீட்டர் இருக்கையில் புயல் பிடித்துக்கொண்டது. கடைசிக் குறிப்பின் தேதி மார்ச் 29.

கல்லைச் சுமந்ததால்தான் செத்தார்களா? 1979இல் ரோலண்ட் ஹன்ட்ஃபோர்ட் எழுதிய நூல் ஸ்காட்டை உரித்தெடுத்தபோது இந்தக் கல் மூட்டையையும் விடவில்லை. நான் எடையைப் பெரிதாக நினைக்கவில்லை. வண்டியில் கூடுதலாக ஏறிய 16 கிலோ மட்டும் ஆளைக் கொல்லாது. பொறுக்குவதில் செலவழித்த அரை நாள்தான் சங்கடப்படுத்துகிறது. அரை நாளில் பத்துக் கிலோமீட்டர் போயிருக்கலாம், விட்டுப்போனது 18. ஆனால் கணக்குப் போடுவதானால் முழுக் கணக்கையும் போட வேண்டும். அந்த ஒரு டன் கிடங்கை 80ஆம் அட்சரேகையில் வைப்பதாகத்தான் முதல் திட்டம். 1911 பிப்ரவரியில் குதிரைகள் தள்ளாடின. அவற்றைக் கொன்றாவது சரக்கை மேலே கொண்டுபோவோம் என்று ஓட்ஸ் வாதாடினார். ஸ்காட்டுக்கு மனம் வரவில்லை, 79 டிகிரி 29 நிமிடத்திலேயே இறக்கிவிட்டார். அவர்கள் இறந்த இடம் 79 டிகிரி 40 நிமிடம். திட்டப்படி வைத்திருந்தால் கிடங்கைக் கடந்தபின் அல்லவா அந்த இடம் வந்திருக்கும்! குதிரைகள்மேல் காட்டிய இரக்கத்தின் கணக்கை விட்டுவிட்டுக் கல்லின்மேல் பழி போடுவது நியாயமாகப் படவில்லை.

எட்டு மாதம் கற்கள் பனிக்குள் கிடந்தன. அவற்றை எடுக்கப் போன குழுவில்தான் இந்தியா நேரடியாக வருகிறது. முதல் ஆண்டில் குதிரைகள் பட்ட பாட்டைப் பார்த்த ஸ்காட், ஓட்ஸின் யோசனைப்படி இந்திய அரசிடம் கோவேறு கழுதைகள் கேட்டிருந்தார். இமயமலையில் பாரம் சுமந்து பழகிய ஏழு கழுதைகள் சிம்லாவில் பயிற்சி பெற்று, 1912 தொடக்கத்தில் டெரா நோவா கப்பலில் அண்டார்டிகாவில் இறங்கின. லால் கான், குலாப், பேகம், ராணி, அப்துல்லா, பியாரி, கான் சாகிப் என்று பெயர்கள். தருமபுரி மாவட்டத்துக் கோட்டூர் மலைக்குத் தேர்தலின்போது வாக்குப்பதிவு இயந்திரம் கழுதை முதுகில் போனதுண்டு. சாலை நின்றுபோகும் இடத்தில் கழுதையைக் கூப்பிடும் பழக்கம் துருவம் வரை போயிருக்கிறது.

இந்த ஏழும் வந்த காரியம், கேட்டவரையே தேடுவதாகிவிட்டது. குடிலில் இருந்தவர்களுக்கு இன்னொரு தர்மசங்கடமும் இருந்தது. வடக்கே போன கேம்ப்பெல் குழு ஆறு பேரும் திரும்பவில்லை, ஒருவேளை உயிரோடு இருக்கலாம். ஸ்காட் குழு நிச்சயம் இறந்திருக்கும். யாரைத் தேடுவது? பொறுப்பிலிருந்த அட்கின்சன், இறந்தவர்களின் முடிவு தெரிந்தாக வேண்டும் என்று தெற்கே கிளம்பினார். கேம்ப்பெல் ஆட்கள் பனிக்குகையில் சீல் மாமிசம் தின்று குளிர்காலத்தைத் தாண்டி, தாங்களாகவே நடந்து வந்துசேர்ந்தது வேறு கதை.

1912 அக்டோபர் கடைசியில் கழுதைகள் புறப்பட்டன. கால் புதையாமலிருக்கப் பனிச்செருப்பு, கண் கூசாமலிருக்க நிறக் கண்ணாடி. தங்களுக்கென்று கொண்டுபோன தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிடும், தேயிலைச் சக்கையையும் கயிற்றையும் மென்று தின்னும். ஆனாலும் நடந்தன. நவம்பர் 12இல் முன்னால் போன ரைட், பாதையிலிருந்து விலகிய ஒரு மேட்டைக் கவனித்தார். கூடார முனை. உள்ளே மூன்று உடல்கள், நாட்குறிப்புகள், ஹாகோன் மன்னருக்கான கடிதம். வெளியே பனியைத் தோண்டியபோது வண்டி, வண்டியில் 16 கிலோ கல். கூடாரக் கம்புகளை உருவி உடல்கள்மேல் துணியைச் சரியவிட்டு, பனிமேடு எழுப்பி, மேலே சறுக்குக் கட்டைகளால் சிலுவை நட்டார்கள். தேடும் குழுவில் ட்ரைக்வே க்ரான் என்ற நார்வேக்காரர் ஒருவரும் இருந்தார். ஸ்காட்டின் சறுக்குக் கட்டைகளாவது பயணத்தை முடிக்கட்டும் என்று அவற்றைத் தன் காலில் மாட்டிக்கொண்டு திரும்பினார். ஓட்ஸின் உடல் கிடைக்கவில்லை. தூக்கப் பையும், அதனோடு போட்டுவிட்ட கோணமானியும் கிடைத்தன.

1913 பிப்ரவரியில் கப்பல் நியூசிலாந்தைத் தொட்டுச் செய்தியைத் தந்தியில் அனுப்பியது, ஜூனில் கார்டிஃப் வந்தது. கற்கள் கேம்பிரிட்ஜில் ஆல்பர்ட் சீவர்டின் மேசைக்குப் போயின. தாவரப் புதைபடிவங்களில் அந்தக் காலத்தின் பெரிய கை அவர். 1914இல் அறிக்கை வந்தது. பக்லி மலை இலைக்கு அவர் அதில் எழுதிய பெயர் குளோசோப்டெரிஸ் இண்டிகா.

இண்டிகா என்பது தற்செயலில்லை. குளோசோப்டெரிஸ் என்ற இனத்தைப் பிரான்சின் பிரோன்யார் 1828இல் முதன்முதலாக விவரித்தபோதே அவர் கையில் இருந்தவை இந்திய, ஆஸ்திரேலிய மாதிரிகள். ராணிகஞ்ச் சுரங்கங்களில் கரி வெட்டுகிறவர்களுக்குப் பழகிப்போன இலை இது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் மெட்லிகாட், கோண்டு மக்களின் நாட்டுப் பெயரை வைத்து அந்தப் பாறை வரிசைக்குக் கோண்ட்வானா என்று பெயரிட்டார். வியன்னாவின் எட்வர்ட் சூஸ் அதை விரித்து, தென்கண்டங்களை இணைத்திருந்த பழைய பெருநிலத்துக்குக் கோண்ட்வானாலாந்து என்றார். தென்னாப்பிரிக்கா, தென்னமெரிக்கா, ஆஸ்திரேலியா, இந்தியா எல்லாவற்றிலும் இந்த இலை கிடைத்தாயிற்று. நடுவிலிருந்த அண்டார்டிகா மட்டும் காலியாக இருந்தது. அந்தக் கட்டத்தை வில்சனின் கரித்துண்டு நிரப்பியது.

தேதியைக் கவனித்தால் இன்னொரு வேடிக்கை. 1912 ஜனவரி 6ஆம் தேதி, ஸ்காட் குழு துருவப் பீடபூமியில் வண்டி இழுத்துக்கொண்டிருந்த நாளில், ஃபிராங்க்ஃபர்ட்டில் ஆல்ஃபிரட் வெகனர் என்ற 31 வயதுக்காரர் எழுந்து, கண்டங்கள் நகர்கின்றன என்று முதல்முறையாகப் பேசினார். நிலவியலாளர்கள் சிரித்தார்கள். வெகனரும் துருவக்காரர்தான். அதே ஆண்டு கிரீன்லாந்துக்குக் கிளம்பி, அடுத்த ஆண்டு அதன் பனிப்பாளத்தைக் கடந்தார். 1930 நவம்பரில் அதே கிரீன்லாந்துப் பனியில் இறந்தார். தம் கொள்கை ஏற்கப்பட்டதை அவர் பார்க்கவில்லை.

சீவர்டிடம் கற்கள் இருந்த அந்த ஆண்டுகளில் பீர்பல் சாஹ்னி கேம்பிரிட்ஜில் மாணவர். பஞ்சாபிலிருந்து போனவர், சீவர்டிடமே பயின்றார். 1920இல் இருவரும் சேர்ந்து இந்தியக் கோண்ட்வானாத் தாவரங்களை மறுஆய்வு செய்த பெருநூலை வெளியிட்டார்கள். லக்னோவில் அவர் தொடங்கிய தொல்தாவரவியல் நிறுவனத்துக்கு 1949 ஏப்ரல் 3இல் நேரு அடிக்கல் நாட்டினார். பல நாட்டுப் புதைபடிவங்களைப் பதித்துச் செய்த கல் அது. ஒரு வாரத்தில் சாஹ்னி காலமானார்.

இந்த இலையைத் தேடி நம் பக்கத்தில் எங்கே போகலாம்? வீரப்பன் பிறந்த ஊர் என்பதால் மட்டுமே பலருக்குத் தெரிந்த கோபிநத்தத்தில், மாதேஸ்வரன் மலைக்கும் காவிரிக்கும் இடையே நிற்கும் குன்றுகளில் கிடைக்குமா? கிடைக்காது. தென் கர்நாடகத்தின் அந்தக் கெட்டிப்பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையானவை, உலகில் இலை என்ற ஒன்று தோன்றுவதற்கு வெகு காலம் முந்தியவை. சுத்தியலை வீணாக்க வேண்டாம். ஆனால் கோபிநத்தத்துக்காரர் பாலாற்றுச் சோதனைச்சாவடியைத் தாண்டி, கொளத்தூர் வழியாக மேட்டூருக்கு வந்தால் அங்கே அனல் மின் நிலையத்தில் இலை எரிந்துகொண்டிருக்கிறது. ஒடிசாவின் தால்சேர் போன்ற சுரங்கங்களிலிருந்து கப்பலிலும் ரயிலிலும் வரும் அந்தக் கரி கோண்ட்வானாக் கரி. குளோசோப்டெரிஸ் காடுகள் அழுகிக் குவிந்து உண்டானது. நெய்வேலியை இதோடு சேர்த்துவிடக் கூடாது, அந்தப் பழுப்புக்கரி வெகு இளையது.

வேறொரு உறவும் இருக்கிறது. சென்னைப் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கருநீலப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் இந்த வகை என்பதால் தாமஸ் ஹாலண்ட் இட்ட பெயர். கிழக்கு அண்டார்டிகாவிலும் அதே வகைப் பாறை உண்டு. இந்தியாவின் கிழக்குக் கரை ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை அண்டார்டிகாவோடு ஒட்டியே கிடந்தது. 2012இல் லார்ஸ்மன் குன்றுகளில் இந்தியா திறந்த பாரதி நிலையத்தின் வேலைகளில் ஒன்று, அந்தப் பிளவின் வரலாற்றை ஆராய்வது.

அமுண்ட்சன் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அவர் ஆட்களும் திரும்பும் வழியில் பெட்டி மலையில் கல் எடுத்தார்கள். நல்ல மாதிரிகள்தான், இலை இல்லாத வகைப் பாறை. அவர் போன வழியில் கரிப்படுகை குறுக்கிடவில்லை. வேகமாகப் போனவருக்கு அறிவியல் அக்கறை இல்லை என்று ஆங்கிலேயர்கள் சொல்லிவந்தது தோற்றவர்களின் ஆறுதல் பேச்சு. ஸ்காட்டுக்குப் பாதை வாய்த்தது என்பதுதான் உண்மை. அந்தப் பாதையும் ஷாக்கில்டன் கண்டுபிடித்துக் கொடுத்தது.

ஸ்காட்டின் கற்கள் இப்போது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில். கடிதம் எதிர்பாராத விதத்தில் பயன்பட்டது: அமுண்ட்சன் உண்மையில் துருவத்தைத் தொட்டார் என்பதற்கு, அவரிடம் தோற்றவர்களின் கூடாரத்தில் கிடைத்த அந்தத் தாளைவிடப் பெரிய சாட்சி எது?

கண்டங்கள் நகர்கின்றன என்பதை ஏற்க உலகம் 1960கள் வரை இழுத்தது. இலையைக் காட்டினால், விதை காற்றில் பறந்து போயிருக்கலாம், இடையே நிலப்பாலம் இருந்து மூழ்கியிருக்கலாம் என்று மறுப்பு வரும். 1969 டிசம்பரில் எட்வின் கோல்பர்ட்டின் குழு பியர்ட்மோர் வட்டாரத்துக் கோல்சாக் குன்றில் லிஸ்ட்ரோசாரஸ் எலும்புகளைத் தோண்டி எடுத்தது. பன்றி அளவு உடம்பு, குட்டைக் கால், இரண்டு கோரைப்பல். தென்னாப்பிரிக்காவிலும், ராணிகஞ்ச் பக்கத்துப் பாஞ்செட் பாறைகளிலும் இதே விலங்கின் எலும்புகள் உண்டு. அது தென்கடலை நீந்திக் கடந்தது என்று வாதாட அதற்குப் பிறகு அதிகம் பேர் முன்வரவில்லை.